அத்தை கட்டிய டியூப்

கூரம் போகிற சாலையில் அத்தை பஞ்சர் கடை வைத்திருந்தாள். டயர் கழற்றுவதில் எங்கள் குடும்பத்து ஆண்கள் யாரும் தனக்கு ஈடில்லை என்று அவளே எல்லோரிடமும் சொல்லுவாள். அது உண்மைதான்.

அக்காவின் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று, அந்தக் கடைக்கு எதிரிலேயே அப்பாவின் ஆட்டோ சேற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அக்காவுக்குக் காலில் மாவுக்கட்டு. வேறு வண்டியில் ஏற முடியாது. அத்தை அவளைத் தூக்கிக் கடை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவ்வழியே வந்த டிராக்டரை நிறுத்திக் கயிறு கட்டினார்கள். வெடுக்கென்று இழுத்ததில் இரண்டு முறை கயிறு அறுந்தது. அக்கா அழ ஆரம்பித்தாள்.

அத்தை கடைக்குள் போய்ப் பழைய டியூப்புகளை வார்களாக வெட்டி, முறுக்கிக் கட்டினாள். ரப்பர் எங்கே வண்டியை இழுக்கும் என்று டிராக்டர்காரர் சிரித்தார். எல்லோரையும் தூரமாக விலக்கிவிட்டு, மெதுவாக ஓட்டச் சொன்னாள்.

டிராக்டர் நகர்ந்தது, டியூப் நீண்டது, ஆட்டோ அசையவில்லை. மூன்று பங்கு, நான்கு பங்கு நீண்டும் அப்படியே நின்றது.

“அறுந்துரும்க்கா,” என்றார் அப்பா அத்தையிடம்.

“அறாது. நீ நிக்காத, போபா,” என்று டிராக்டர்காரரிடம் சொன்னாள் அத்தை.

சட்டென்று டியூப் நீள்வதை நிறுத்தி இரும்புபோல விறைத்தது. ஆட்டோ குலுங்கி மேலே ஏறியது. அக்கா மணி அடிப்பதற்கு முன்பே பரீட்சை அறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நான் கடையிலேயே நின்றுவிட்டேன். மிச்சமிருந்த ஒரு வாரை அத்தை எனக்குக் கொடுத்து, இழுத்து உதட்டில் வைக்கச் சொன்னாள். சுட்டது.

“கஷ்டப்பட்டுக்கினு இருக்குதில்ல, சுடாம என்னா பண்ணும்?” என்றாள்.

இப்போது நான் டயர் ஆய்வுக்கூடத்தில் அதையே கணினியில் கணக்கிடுகிறேன். சிக்குண்டு கிடக்கும் ரப்பர் இழைகள் இழுக்கும்போது வரிசைக்கு வந்து, அங்கங்கே படிகங்களாகச் சேர்ந்து, வெப்பத்தை வெளிவிட்டு இறுகுகின்றன. எந்த நீளத்தில் இறுகும், எங்கே அறும் என்று பலமுறை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

அன்று ஆட்டோ போனதும் அத்தை தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முடிச்சுப் போட்ட அசதி என்று நினைத்துக்கொண்டேன். அறாது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.