வைக்கோல் கொட்டகையில் ஓர் ஏலம்

எங்க வீட்டுக்காரருக்கு மெதுவாப் பேச வராது. காய்கறி மார்க்கெட்டுல ஏலம் விடுறவர். விடியுறதுக்கு முன்னாடி பெட்டி மேல ஏறி நின்னு தொண்டையத் திறந்தார்னா, அடுத்த தெருவுல தூங்குறவங்களுக்கும் அன்னைக்குத் தக்காளி என்ன விலைன்னு தெரிஞ்சுடும். வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். இவர் உப்பு கேட்டா பக்கத்து வீட்டுக்காரி உப்பு எடுத்துக்கிட்டு வருவா. "நான் இங்கேதான் இருக்கேன், ஊருக்கு அந்தப் பக்கம் இல்ல"ன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன். காதுல போட்டுக்கிட்டாத்தானே.

இந்த மனுஷனுக்குப் பிறந்தவ புல்லாங்குழல் வாசிக்கிறா. யாரைக் கொண்டு பிறந்தாளோ தெரியல. பள்ளிக்கூடத்துல அவ முதல்முதலா வாசிச்சப்ப, இவர் நடுவுல எழுந்து நின்னு அது யாரோட பொண்ணுன்னு சபைக்கே அறிவிச்சார். தூக்கிட்டுப் போய் வெளியில விட்டாங்க. வீட்டுல அவ கதவச் சாத்திக்கிட்டு வாசிச்சாலும், வெளியில நின்னு "பலே"ம்பார். உள்ளே சத்தம் நின்னுடும். மகள் வாசிச்சு ஒரு பாட்டையாவது முழுசாக் கேட்கணும்னு இவருக்கு அவ்வளவு ஆசை. கெடுத்துக்கிட்டது யாரு?

இந்தக் கோடையில நாட்டுப்புறத்துல பெரிய இசை விழா. வாத்தியக் குழுவோட நம்ம பொண்ணு, அதுவும் கடைசியில தனியா ஊதுற இடம் அவளுக்குத்தான். அப்பாவும் வரலாம்னு சொன்னா. ஆனா வாயத் திறந்தார்னா அன்னைக்கோட சரி, இனிமே அவர் காதுபட ஊத மாட்டேன்னு நிதானமாச் சொன்னா. சொன்னதச் செய்யுறவ. இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். விழா வர்ற வரைக்கும் வீட்டுல வாயில துண்டக் கட்டிக்கிட்டு, வேணும்ங்கிறத சிலேட்டுல எழுதிக் காட்டினார். எழுத்துகூட கத்துச்சு.

வயலுக்கு நடுவுல ஒரு வைக்கோல் கொட்டகை. வைக்கோல் கட்டு மேல துணிய விரிச்சு உட்காரச் சொன்னாங்க. விழா நடத்துற அம்மா மேடையேறி, பாட்டு நாலு பகுதியா வரும், நடுவுல யாரும் கை தட்டக் கூடாதுன்னு எச்சரிச்சாங்க. தட்டினவங்கள ஜெயில்ல போடுற மாதிரி ஒரு முகம்.

நான் எதிர்பார்க்காத இடத்துல வந்துச்சு வினை. மார்க்கெட்டுல விலை கேட்குறவங்க வாயத் திறக்க மாட்டாங்க. காதத் தொடுவாங்க, மூக்கச் சொறிவாங்க, விரலத் தூக்குவாங்க, விலை ஏறும். இங்கே வைக்கோல் குத்தி ஊரே சொறியுது. வெக்கை தாங்காம கையில கொடுத்திருந்த நோட்டீசத் தூக்கித் தூக்கி விசிறுது. பாவம், இவர் கண்ணுக்குக் கொட்டகை மொத்தமும் போட்டி போட்டு ஏலம் கேட்குது. கண்ணு இங்கேயும் அங்கேயும் ஓடுது, உதடு அசையுது, வேர்த்துக் கொட்டுது. நான் அவர் தொடையில கிள்ளிக்கிட்டே இருந்தேன்.

கடைசிப் பகுதியில மத்த வாத்தியமெல்லாம் ஒவ்வொண்ணா அடங்கி, இவ மட்டும் எழுந்து வாசிச்சா. எனக்கு சங்கீதம் தெரியாது, ஆனா உடம்பு சிலிர்த்துப் போச்சு. இவர் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கண்ணுல தண்ணி. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

பாட்டு முடிஞ்சுது. யாரும் தட்டல. முடிஞ்சுதா, இன்னொரு பகுதி இருக்கான்னு ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்க்குறாங்க. அந்த அம்மா அப்படிப் பயமுறுத்தி வெச்சிருக்காங்களே. வாத்தியக் குழு முன்னாடி நின்னு குச்சி ஆட்டுறவரும் கையத் தூக்கினபடியே நிக்கிறார். குழல இறக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்ன என் பொண்ணு முகம் சுண்டிப் போச்சு. சரக்க முன்னாடி வெச்சு ஒருத்தரும் விலை கேட்காம நிக்கிறத மட்டும் இந்த மனுஷனால பொறுக்கவே முடியாது.

எழுந்துட்டார். சட்டையப் பிடிச்சு இழுத்தேன், பொத்தான்தான் கையோட வந்துச்சு.

"ஒரு தரம்!"

கூரையில இருந்த புறாவெல்லாம் பறந்துச்சு.

"ரெண்டு தரம்!"

பின்னாடி ஒரு உருளைக்கிழங்கு வியாபாரி. வருஷக்கணக்கா இவர்கிட்ட ஏலம் எடுக்குறவர். பழக்க தோஷம், படக்குனு ரெண்டு விரலத் தூக்கிட்டார். கொட்டகையே திரும்பிப் பார்த்துச்சு. இவரும் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்னார், மூணாவது வரல. பொத்துனு உட்கார்ந்துட்டார். அதுக்கப்புறம் யாரோ தட்ட ஆரம்பிச்சு, கொட்டகை அதிர்ந்துச்சு.

வெளியில வண்டிகிட்ட வந்து நின்னோம். எனக்கு அவமானத்துல யார் முகத்தையும் பார்க்க முடியல. அந்த வியாபாரி வேற பின்னாடியே வந்து, கடைசியாக் கேட்டது தான்தான், ஆனா எதைக் கேட்டோம்னுதான் தெரியலன்னு நிக்கிறார். இவர் தலையக் குனிஞ்சுக்கிட்டார். எல்லாம் போச்சுன்னு அவருக்குத் தெரியும். எனக்கே திட்ட மனசு வரல.

மகள் குழல் பெட்டியோட நேரா அவர் முன்னாடி வந்து நின்னா.

"ரெண்டு தரம் சொன்னீங்களே, மூணாவது ஏன்ப்பா சொல்லல?"

அவர் தலையத் தூக்காமச் சொன்னார்.

"சொல்லிட்டா வேற யாருக்கோ ஆயிடுமேம்மா."

 அவ அந்த வெயில்லயே, வண்டிகளுக்கு நடுவுல, பெட்டியத் திறந்து குழல எடுத்தா. அப்பாவத் தரையில உட்காரச் சொன்னா. உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு வியாபாரியும் ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு அவர் பக்கத்துல உட்கார்ந்தார்.