செல்வமணியின் இருதயத்தைத் துடைத்த கணினி

இருதயத்தைப் படம் பிடிப்பவனுக்கு ஒரே எதிரி மூச்சு. ஆள் மூச்சு விட்டால் படம் கலங்கும். விடாவிட்டால் ஆளே கலங்கிப்போவார். இரண்டாயிரங்களின் கடைசியில் பதுளையில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் காத்துக் கிடந்து பழகிய உங்களுக்கு, திரைக்கு இந்தப் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

விடச் சொல்லவில்லை

தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் வந்தார். "மூச்சைப் பிடிங்க" என்றேன். பிடித்தார். படம் அருமை. அதை ரசித்ததில், விடச் சொல்ல மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கண் பிதுங்கி, முகம் கறுத்து, அப்படியே கிடக்கிறார். "விடுங்க, விடுங்க!" என்று கத்தினேன். காலையில் வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டைத்தான் அவர் உதாரணம் காட்டினார்: "பெரட்டுல நாப்பது வருசம் நின்னவன் தம்பி. உத்தரவில்லாம கலைய மாட்டேன்."

கணினிக்குப் படிப்பு

எல்லோரும் கங்காணி ஆக முடியுமா? பாதிப் படங்கள் கலங்கியே வந்தன. யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் டொக்டர் கணினிக்கு ஒரு புரோகிராம் கொண்டுவந்தார். தெளிவான படங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கினால், கலங்கிய படத்தை அதுவே தெளிவாக்குமாம். படம் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. பளிச்சென்று இருந்தவற்றையே கொடுத்தேன். சில வாரங்களில் எதைப் போட்டாலும் கல்யாண ஆல்பம் மாதிரி வந்தது. பார்த்த நர்ஸ் கேட்டார்: "என் அடையாள அட்டைப் படத்தையும் ஒருக்கா உள்ள போட்டு எடுங்களேன்."

நல்ல படம்

கொழுந்து பறிக்கும் செல்வமணிக்கு மலையேறினால் மூச்சு இளைத்தது. இருதயத்தில் கோளாறு என்றால் கொழும்பில் ஒப்பரேஷன். இல்லையென்றால் மறுபடி கூடையோடு மலைக்கு. அவரால் மூச்சை அடக்க முடியவில்லை. கலங்கிய படத்தைக் கணினியில் போட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. டொக்டர் திரையைக் காட்டி, "ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ" என்றார். செல்வமணி உற்றுப் பார்த்தார். "படம் நல்லாத்தாங்க இருக்கு. எனக்குத்தான் மூச்சு வாங்குது."

இரண்டையும் கையில் கொடுத்து

டொக்டர் சிரிக்கவில்லை. துடைக்காத படத்தைத் திறக்கச் சொன்னார். கலங்கலுக்குள், இருதயத்தின் நடுச்சுவரில் ஒரு கறுப்பு. செல்வமணியை ஆறவிட்டு, பொறுமையாக மறுபடி எடுத்தோம். ஓட்டைதான்.

"நீர் குடுத்ததெல்லாம் சுகமான ஆக்களின்ர படம். அது ஓட்டையைக் கண்டதே இல்லை. ஊத்தை எண்டு துடைச்சுப்போட்டுது" என்றார் டொக்டர். உண்மைதான். மூச்சடக்கத் தெம்புள்ளவர்களின் படம்தானே பளிச்சென்று வரும்!

ஒப்பரேஷன் முடிந்து சில மாதங்களில் செல்வமணி கிளினிக் படிகளை நிற்காமல் ஏறி வந்தார். என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போது கணினிக்கு ஓட்டையுள்ள அவருடைய பழைய படத்தையும் காட்டித்தான் பழக்குகிறோம் என்றேன். அவர் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "புதுசா பறிக்க வர்ற புள்ளைக்கே கொழுந்து ஒரு கையில, முத்தின எல ஒரு கையில குடுத்துத்தாங்க பழக்குவோம். இது தெரியாமலா ஒங்களுக்கு வேல குடுத்தாங்க?"

கணினியை நான் குறை சொல்வதில்லை; சுகமாக இருப்பவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், எனக்கும் நாடு முழுக்கச் சுகமாகத்தான் தெரியும்.