வளைவுகளுக்கும் சேர்த்துக் கூலி

ரிசார்ட் கைமாறியதும் ரிசப்ஷனில் எனக்கிருந்த வேலை போனது. மிச்சமிருந்தது தவணையில் எடுத்த ஒரு ஸ்கூட்டர். உணவு டெலிவரி ஆப்பில் பெயரைப் பதிந்து, சதுரப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மூணாறு டவுனுக்குள் இறங்கினேன். எங்கள் எஸ்டேட்டில் பலருக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. அம்மா கொழுந்து பறித்தவர், கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. டவுனில் அந்தப் பையை மாட்டிய பெண் நான் ஒருத்திதான்.

வண்டி ஓட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. மாட்டுப்பட்டி ரோட்டில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் ஜீப்பின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போவேன். கூலிதான் பிடிக்கவில்லை. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே கோடு இழுத்ததுபோல நேர்த் தூரத்தைத்தான் ஆப் கணக்கில் எடுக்கும். சமவெளியில் அது பெரிய வித்தியாசமாக இருக்காது. எங்கள் ஊரிலோ எதிர்மலை ரிசார்ட்டின் ஜன்னல் கண்ணுக்குத் தெரியும். அங்கே போய்ச் சேர பள்ளத்தில் இறங்கி, பாலம் தாண்டி, வளைந்து வளைந்து மறுபடி ஏற வேண்டும். மூன்று கிலோமீட்டருக்குக் கூலி வரும், வண்டி ஒன்பது ஓடியிருக்கும். காலியாகத் திரும்பி வருவதற்கு ஒன்றுமே கிடையாது. ஆப்பில் புகார் எழுதினால் எங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது.

ஒரு பிரியாணிக் கடையின் பின்பக்கத் தாழ்வாரத்தில் டெலிவரி ஓட்டும் நாங்கள் எல்லாரும் ஆர்டருக்குக் காத்திருப்போம். கடையை நடத்திய மலையாளிச் சேச்சி எங்களை ஒருநாளும் எழுந்துபோகச் சொன்னதில்லை. ஒரு மழை மதியம், எங்களில் மூத்தவரான அண்ணன் முழங்கை சிராய்த்து, நனைந்த சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஏலக்காய்த் தோட்ட வேலையை விட்டு இதற்கு வந்தவர் அவர். வளைவில் வண்டி சறுக்கிச் சாப்பாடு கொட்டிவிட்டது. கொட்டிய சாப்பாட்டின் விலையை அவர் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அடிபட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

அவர் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஒருத்தரா கேட்டா ஆப்புதான் பதில் சொல்லும். எல்லாரும் சேந்து ஆஃப் பண்ணுவோம். அப்ப ஒரு மனுசன் வந்து பதில் சொல்லித்தான ஆகணும்" என்றேன்.

பூஜை விடுமுறைக்கு டூரிஸ்ட் கூட்டம் ஏறும் நாளைத் தேர்ந்தெடுத்தோம். அன்று காலை எல்லாருடைய ஆப்பும் அணைந்தது, ஒருவனுடையதைத் தவிர. அவனுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல் கடைக்குள் போய்ப் பார்சலை எடுத்துக்கொண்டு வந்தான். சிலர் எழுந்தார்கள். மூத்த அண்ணன் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம், "கல்யாணக் கடன் எங்களுக்கும் தெரியும்ப்பா. நீ போயிட்டு வா, ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றார். அவன் போனான். அரை மணியில் திரும்பி வந்து எங்கள் முன்னாலேயே ஆப்பை அணைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒவ்வொருவருக்காக போன் வந்தது. உடனே ஆப்பைத் திறந்தால் போனஸ் தருவதாகச் சொன்னார்கள். யாரும் அசையவில்லை. மதியம் என் ஐடியை மட்டும் முடக்கினார்கள். தொடங்கியது யார் என்று தெரிந்துவிட்டது போல. அடுத்த ஸ்கூட்டர் தவணைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கணவர் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். பிறகு, "எறங்கினது எறங்கியாச்சு. சோறு இல்லாமயா போயிரும்? பாத்துக்கிடலாம்" என்றார். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

இதற்குள் சேச்சி தன் கடையிலும் ஆப்பை அணைத்திருந்தார். மற்ற ஹோட்டல்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைகள் இல்லாமல் நமக்கு ஏது ஆர்டர் என்று கேட்டாராம். பாதிப் பேர் அவர் சொன்னபடியே செய்தார்கள்.

மூன்றாம் நாள் கொச்சியிலிருந்து கம்பெனி அதிகாரி மலையேறி வந்தார். டிராஃபிக்கில் சிக்கிக் களைத்துப் போயிருந்தாலும் மரியாதையாகவே பேசினார். கடையின் உள்ளறையில் உட்கார்ந்தோம். ரிசப்ஷனில் பழகிய மலையாளம் எனக்குக் கைகொடுத்தது. ரோட்டுத் தூரத்துக்குக் கூலி, தொலைவிலிருந்து திரும்பி வரவும் ஒரு தொகை, விழுந்தால் சாப்பாட்டுக் காசைப் பிடிக்கக் கூடாது. இவ்வளவுதான் கேட்டோம். அவர் வெளியே போய் போன் பேசுவதும் வந்து உட்காருவதுமாக இருந்தார். கடைசியில் மூன்றுக்கும் சரி என்றார். திரும்பி வரும் தொகை மட்டும் நாங்கள் கேட்டதில் பாதி.

என் ஐடியைப் பற்றி மட்டும், அதைத் தலைமை அலுவலகம் பிறகு பரிசீலிக்கும் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். இத்தனை பேருக்குக் கிடைத்ததை எனக்காகக் கெடுக்க மனம் வரவில்லை.

அப்போது அந்தப் புது மாப்பிள்ளை எழுந்தான். "சார், அக்கா ஐடி மொதல்ல ஓப்பன் ஆகட்டும். அதுக்கப்பறம் நாங்க ஓப்பன் பண்ணுதோம்" என்றான்.

அவன் என்ன சொல்கிறான் என்பதுபோல அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்காகக் கேட்டதை நானே எப்படிச் சொல்வது என்று சேச்சியைப் பார்த்தேன். சேச்சிதான் மலையாளத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, தன் கடையும் அப்போதுதான் திறக்கும் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

அதிகாரி மறுபடி வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் என் போனில் ஐடி உயிர்பெற்றது. புதிய கூலி விவரம் எல்லாருக்கும் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. மூத்த அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். படித்து முடிந்த பிறகுதான் ஆப்பைத் திறந்தோம்.

இரண்டு நாள் பசியோடு இருந்ததுபோல ஆர்டர்கள் கொட்டின. எனக்குப் பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே. திரையில் வளைவுகளோடு சேர்த்து முழு ரோடும் நீளமாகத் தெரிந்தது, கீழே அதற்கான கூலி. மழை விட்டு வெயில் அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டியைச் சாய்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

பார்சலை வாங்கிய சென்னைக்காரர், இரண்டு நாளாக ஆப்பில் யாருமே இல்லையே, என்ன ஆனது என்று கேட்டார்.

"வேற ஒரு வேலை இருந்துச்சு சார், நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்றேன்.