கரிசலில் ஒரு வெளியூர் கோல்

சனிக்கிழமை, காலை ஆறேகால் மணி. கோவில்பட்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஓர் ஆட்டோக்காரர் என் தொப்பியையும் ஷூவையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹாக்கி மேட்ச்சுக்குத்தான வந்திருக்கீய? ஏறுங்க மேடம்" என்றார். இந்த ஊரில் பந்து என்றால் ஹாக்கிப் பந்துதான். கால்பந்து பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் வண்டியைக் கிளப்பாமலே திரும்பினார். "கால்பந்தா? இங்கனயா? யாரு ஆடுதா?" எனக்குச் சுருக்கென்றது. கால்பந்தை யார் இளக்காரமாகப் பேசினாலும் எனக்கு ஆகாது. பேரம் பேசாமல் அறுபது ரூபாயைக் கொடுத்துப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். நடந்தே வந்திருக்கலாம் என்று பிறகு தெரிந்தது.

என்னைப் பற்றி ஒரு வரி. சென்னையில் ஒரு தொலைக்காட்சிக்காக ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்களுக்குத் தமிழில் வர்ணனை சொல்கிறவள் நான். மிலானில் தூறல், மாட்ரிட்டில் புழுக்கம் என்று வாய் கூசாமல் சொல்வேன். உட்கார்ந்திருப்பது என்னவோ வளசரவாக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். பாஸ்போர்ட் கூட இன்னும் எடுக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் சாகுல் ஹமீது என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்.

ஏழரை மணி. சாகுலுக்குப் பஜாரில் இரும்புக் கடை. தகப்பனார், அவருடைய தகப்பனார் என்று தலைமுறை தலைமுறையாக அதே கடைதான். ஐம்பது வயது, பேச ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டார். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு இட்லி சாப்பிடலாம் என்று அழைத்துப் போய் என்னை ஏழு சாப்பிட வைத்தார். சுற்று வட்டாரத்தில் எட்டு ஊர்களைச் சேர்த்து இவர் நடத்துவதுதான் கரிசல் கோப்பை.

"மத்த ஊர்க்கோப்பையெல்லாம் ஒரே கிரவுண்டுல, ஒரே நாள்ல முடிச்சிருவாக மேடம். அது என்ன ஆட்டம்? நம்ம ஊருக்கு அவிய வரணும், அவிய ஊருக்கு நாம போணும். போயி அவன் மண்ணுல ஆடிப் பாத்தாதான யாரு யாருன்னு தெரியும்?"

"எல்லாம் டிவியில பார்த்துக் கத்துக்கிட்டதா பாய்?"

"பின்ன? எங்க கோப்பைக்கு விதி ஒண்ணே ஒண்ணுதான். சந்தேகம் வந்தா ஐரோப்பா. அவிய எப்படியோ நாமளும் அப்படி."

பருவம் மட்டும் ஐரோப்பா இல்லை. அங்கே ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிப்பார்கள். இங்கே பங்குனியில் வெள்ளாமை எடுத்து நிலம் தரிசாகக் கிடக்கும்போது தொடங்கி, புரட்டாசியில் விதைப்புக்கு உழுவதற்குள் முடித்தாக வேண்டும். இப்போது ஆவணி. அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் அன்று மாலை.

ஒன்பது மணிப் பேருந்தில் எட்டயபுரம், பதினைந்து கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்பதால் சாகுலுக்கு மட்டும் டிக்கெட். எட்டயபுரத்தில் ஒரு குட்டி யானையோடு, அதாவது சின்ன லோடு வண்டியோடு, காத்திருந்தார் மாடசாமி. சின்னவேலம்பட்டி அணியின் கேப்டன். இருபத்தெட்டு வயதிருக்கும். வாரம் முழுக்க அந்த வண்டியில் சரக்கு ஏற்றுவார், ஆட்ட நாளில் அதே வண்டியில் அணியை ஏற்றுவார். "யக்கா, ஒங்க கொரல் டிவியில கேக்கதவிட நேர்ல சின்னதா இருக்கு" என்றார் எடுத்த எடுப்பிலேயே. உண்மைதான், அங்கே மைக் இருக்கிறது.

பத்தரை மணிக்குச் சின்னவேலம்பட்டி மைதானத்தைப் பார்த்தேன். அடேயப்பா! கன்னங்கரேல் என்று ஒரு தரிசு. குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு, சில இடங்களில் என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஓடை மணலை அள்ளி வந்து வெடிப்புகளை அடைப்பார்களாம். அடைக்காமல் விட்ட வெடிப்பு எது என்று உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், வந்தவனுக்குத் தெரியாது. பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று கடவுளுக்கே தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்பு இங்கே நடந்த முதல் ஆட்டத்தில் சின்னவேலம்பட்டி இரண்டு கோல், வந்திருந்த செங்குளம் ஒரு கோல்.

மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சூரிய மின்சாரத் தகடுகள். மாடசாமி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரான சுப்பையா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, கேட்காமலே சொன்னார்.

"கம்பெனிக்காரங்க மூணு வருசமா கேக்காக. இவன்க ஆடுதானுவளேன்னு இழுத்துக்கிட்டே வந்தேன். மக்காச்சோளம் போட்டா பன்னி விட்டு வைக்கல, மிளகா போட்டா மழை பெய்யல. இறுதி ஆட்டத்துக்கு வந்துட்டாகன்னா இன்னும் ஒரு வருசம் இந்த நெலத்தைத் தொட மாட்டேன்னு ஊர் நடுவுல சொல்லியிருக்கேன். வரலைன்னா திங்கக்கிழமை கையெழுத்து. என்னையக் குத்தம் சொல்லாதீக."

நான் குற்றம் சொல்லவில்லை. மனிதர் கண்ணில் தூக்கம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வேலியைத் தாண்டிப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஆட்டம் போனால் மைதானம் போகும். தகடு நட்ட நிலத்தில் மறுபடி யாரும் பந்து உதைக்கப் போவதில்லை.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். இரண்டாம் ஆட்டம் எதிரணியின் ஊரான செங்குளத்தில். பதினோரு கிலோமீட்டர், அதில் பாதிதான் தார்ச்சாலை. முன்னால் மாடசாமியும் நானும், பின்னால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அணியும் சாகுலும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அங்கங்கே பனை. மாடசாமி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, பேச்சுக் கொடுத்தால் நல்லது என்று ஐரோப்பியக் கோப்பையின் கதையை எடுத்துவிட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் இங்கிலாந்துப் பத்திரிகை, எங்கள் நாட்டுக் கிளப் ஒன்றுதான் உலகத்திலேயே சிறந்தது என்று எழுதியது. சொந்த மைதானத்தில், சேற்றில் ஜெயித்ததற்கு அவ்வளவு பெருமை. பாரிசில் ஒரு பத்திரிகைக்காரருக்குப் பொறுக்கவில்லை. மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் போய் ஆடி ஜெயித்துவிட்டு வந்து பேசட்டும் என்று பதிலுக்கு எழுதினார். அந்த வீம்பில் பிறந்ததுதான் இந்தக் கோப்பை. 1955இல் பதினாறு அணிகள். மாட்ரிட் அணி ஒன்று முதல் ஐந்து கோப்பைகளையும் வரிசையாக அள்ளிக்கொண்டு போனது.

"ரெண்டு ஆட்டமும் சேத்துச் சமமா வந்தா?"

"மூணாவது ஆட்டம், பொது ஊர்ல. அதுவும் சமம்னா பூவா தலையா."

"அட, அவ்ளோ தூரம் போயி பூவா தலையாவா?"

"ஒரு தடவை வட்டத் தகட்டைச் சுண்டினாங்க. அது சேத்துல குத்தி நிமிர்ந்து நின்னுடுச்சு. மறுபடி சுண்டித்தான் ஜெயிச்சது யாருன்னு தெரிஞ்சது."

மாடசாமி முதல் தடவையாகச் சிரித்தார். "நம்ம கரிசல் மாதிரி இருந்திருக்கும் போல."

அதன் பிறகுதான், அறுபதுகளில், வெளியூர் கோல் விதி வந்தது. இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கோலும் சமமானால், எதிராளியின் ஊரில் அதிக கோல் அடித்தவர் ஜெயித்தவர். ரயிலிலும் கப்பலிலும் போய், தெரியாத மண்ணில் கோல் அடிப்பது லேசில்லை என்பதால் அந்தச் சலுகை. 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் செங்குளம் வந்துவிட்டது.

நான்கு மணி. செங்குளம் மைதானம் செம்மண்ணும் சரளையும். கரிசலில் பழகிய காலுக்கு அது வேறு உலகம், பந்து தரையில் நில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் பாதியில் சின்னவேலம்பட்டிப் பையன்கள் விழுந்து எழுந்ததுதான் மிச்சம். ஒருவன் மண்ணைக் குறை சொல்ல, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று செங்குளத்துப் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல், மைதானமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது செங்குளம் கேப்டன் செல்வம் தூரத்திலிருந்து ஓங்கி ஒன்று விட்டார். பந்து சரளையில் பட்டு எகிறி, கீப்பரின் தோளுக்கு மேல் உள்ளே போய்விட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். விசில்.

மொத்தத்தில் இரண்டுக்கு இரண்டு. செங்குளம் கரிசலில் ஒரு கோல் அடித்திருக்கிறது. சின்னவேலம்பட்டி இங்கே ஒன்றும் அடிக்கவில்லை. வெளியூர் கோலை எண்ணினால் செங்குளம்தான் இறுதி ஆட்டத்துக்கு. செங்குளத்துக்காரர்கள் செல்வத்தைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"ஏலே, எறக்குங்கடே! அந்த விதியை ஐரோப்பாவுல எடுத்தாச்சு. கூடுதல் நேரம் ஆடணும்!" என்று சின்னவேலம்பட்டிக் கீப்பர் ஓடி வந்தான். தள்ளுமுள்ளு. சாகுல் மைக்கைப் பிடுங்கி, "சந்தேகம் வந்தா ஐரோப்பா! மேடம் இருக்காக, மேடம் சொல்லட்டும்" என்று அதை என் கையில் திணித்தார். அடப்பாவி மனுஷா! மாலை மரியாதைக்கு வந்தவளைப் பஞ்சாயத்தில் உட்கார வைத்துவிட்டார்.

உள்ளதைச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள், இப்போது கூடுதல் நேரம்தான். சொல்லும்போதே எனக்குள் ஒரு சந்தோஷம். உண்மையும் என் ஆசையும் ஒரே பக்கம் நின்றன. மைதானம் பிழைத்துக்கொள்ள இன்னொரு வழி கிடைத்துவிட்டதே.

"ஏன் எடுத்தாக?" என்று கேட்டார் செல்வம்.

"இப்ப எல்லாரும் விமானத்துல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல போயிடுறாங்க. மைதானமும் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி புல். முன்ன மாதிரி கஷ்டம் இல்லன்னு..."

"நாங்க விமானத்துலயா வந்தோம்? டிராக்டர் டிரெய்லர்ல வந்தோம் மேடம். அவன் வெடிப்புல எங்க ஆளு ரெண்டு பேரு காலு பெரண்டு போச்சு. அந்த ஒத்தக் கோலு அடிக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான தெரியும்? இது ரெண்டும் ஒரே மாதிரி மண்ணா? நீங்களே பாத்தியள்லா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சாகுல் என்னைப் பார்த்தார், நான் சாகுலைப் பார்த்தேன். கடைசியில், "விதி விதிதான், கூடுதல் நேரம் ஆடுங்க" என்று சாகுல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடசாமி குறுக்கே வந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அவியதான் ஜெயிச்சது."

"எண்ணே, கிரவுண்டு போயிரும்ணே!" என்று கத்தினான் கீப்பர்.

"போன வருசம் அரையிறுதியில நாம எப்படிலே ஜெயிச்சோம்? இதே வெளியூர் கோல்தான. புதுப்பட்டிக்காரனுவ அழுதுக்கிட்டே வண்டி ஏறுனானுவ. அன்னைக்கும் ஐரோப்பாவுல எடுத்தாச்சு. நமக்குத் தெரியாதா? அன்னைக்கு எவனுக்கும் ஐரோப்பா ஞாபகம் வரலையே."

கீப்பர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். எனக்கு மாடசாமியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. ஸ்கூட்டரில் ஆட்டம் பார்க்க வந்திருந்த சுப்பையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளில் கை வைத்தார். "எனக்கும் வேற வழி இல்ல மாடசாமி." "தெரியும் அண்ணாச்சி. நீங்க சொன்ன சொல்லு மாறலை." இருவரும் அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். சுப்பையா ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. செங்குளத்துப் பையன் ஒருவன் தள்ளிவிட்டான்.

ஆறு மணி. மாடசாமி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார், பின்னால் அணி சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில். எனக்குக் கோவில்பட்டியில் இரவு ரயில். வியாசர்பாடியில் நான் வளர்ந்த தெருவிலும் இரண்டு லாரி நிற்கும் இடம்தான் மைதானம், ஆனால் அதை யாரும் வேலி போட்டு எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நினைப்பில் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

செல்வம் இரண்டு கையிலும் கலர் சோடா பாட்டில்களோடு ஓடி வந்தார். ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, போகாமல் நின்றார்.

"அடுத்த வருசம் பேரு குடுப்பியளா?"

"கிரவுண்டு வேணும்லா."

"ஒங்க ஊரு ஆட்டத்தையும் இங்கனயே வச்சுக்கிடுங்க. எங்க ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

மாடசாமி பாட்டில்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்போ ரெண்டு ஆட்டமும் எங்களுக்கு வெளியூர்தானக்கா? நாங்க அடிக்கிற கோலு அம்புட்டும் வெளியூர் கோல்தான?"

ஐரோப்பாவிலும் இப்படி நடந்தது. கொரோனா காலத்தில் ஊர் விட்டு ஊர் போக முடியாமல் இரண்டு ஆட்டத்தையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். ஒன்றைக் காகிதத்தில் மட்டும் சொந்த ஊர் ஆட்டம் என்று எழுதிக்கொண்டார்கள், அதில் அந்தக் காகிதச் சொந்த ஊர்க்காரர்கள் அடித்த கோல் வெளியூர்க் கணக்கில் வராது. அதைத்தான் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஐரோப்பா கெடக்கட்டும் மேடம்" என்றார் செல்வம். ஜன்னலுக்குள் கையை விட்டு மாடசாமியின் தோளைப் பிடித்தார். "நீங்க எங்கன அடிச்சாலும் அது வெளியூர் கோலுதாண்டே. சமமா முடிஞ்சா ஜெயிச்சது நீங்கதான். நான் சொல்லுதேன், எங்க ஊரு ஒத்துக்கிடும்."

மாடசாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியைத் திருகப் போனவர், ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். வண்டியை எடுக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தவில்லை.