கிள்ளையில் இரண்டு குட்டை

உங்கள் மாமா நம் வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே பைக்கை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார். அம்மா போய்ப் பேசிவிட்டு வருகிறாள். நான் உள்ளேயே இருக்கிறேன். ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் கேட்டீர்கள். பெரியவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளிடம், "மாமாவுக்கு அவசர வேலை" என்றேன். அது பொய். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்து பாதியில் நின்றுவிடும். அதனால்தான், பத்தாவது வரைக்கும்தான் படித்தவன் என்றாலும், எழுதி வைக்கிறேன்.

மாமா அம்மாவின் அண்ணன். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். இறாலை வாங்கி, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்கு ஏஜென்ட். கிள்ளையில் நான் குத்தகைக்கு இரண்டு குட்டை எடுத்து இறால் விட்ட நாளிலிருந்து அவரிடம்தான் விற்றேன். வலை இழுக்கும் நாளில் அவர் தராசோடு கரைக்கு வருவார், கம்பெனி வண்டி ஐஸோடு வரும். எடை முடிந்ததும் அம்மா நல்ல இறாலாகப் பார்த்துப் பொறுக்கி, பையில் கட்டி, அவர் பைக்கில் மாட்டுவாள். கறிக்கு. வலை இழுத்தவர்களுக்கும் கறிக்குக் கொடுப்போம், ஆனால் முதல் பை அண்ணனுக்குத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குள் சண்டை வந்த வருஷம் நம் நாடும் ஒரு நேச நாடும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தன. நம் பொருள் அங்கே போனால் வரி இல்லை, அவர்கள் பொருள் இங்கே வந்தால் வரி இல்லை. எந்தெந்தப் பொருளுக்கு, எப்போதிலிருந்து என்பதுதான் பேச்சு. அதில் இறாலும் இருக்கிறது என்று கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். அங்கே வரி போனால் இங்கே குட்டைக்கரையில் விலை ஏறும் என்று நினைத்தேன். ஒப்பந்தம் வருவதற்குள் விலை இறங்கிவிட்டது.

மச்சான், அதாவது உங்கள் மாமா, கரையில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

"அங்க வாங்கறவன் இன்னைக்கு வரி கட்டி வாங்குவானா மாப்ள? கையெழுத்தான மறுநாள் வரியில்லாம வாங்கிக்கலாம்னு கையக் கட்டிக்கினு உக்காந்துருக்கான். அதான் ரேட்டு இல்ல."

"அப்ப உங்க கம்பெனியும் வாங்காம உக்காந்துருக்குதா?"

"வாங்குது. இந்த ரேட்டுக்குக் குடுத்தா வாங்குது."

"வாங்கி?"

"வாங்கி ஐஸ் ரூம்ல வெப்போம். கையெழுத்தானதும் அனுப்புவோம். அது கம்பெனி சாமர்த்தியம். உனக்கு இந்த ரேட்டு வேணாம்னா நீயும் வெச்சிக்க, யாரு வேணான்னா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குட்டையில் இருக்கும் இறாலை எங்கே வைத்துக்கொள்வது? ஐப்பசி மழை வந்து குட்டையில் மழைத்தண்ணீர் ஏறினால் உப்பு குறைந்துவிடும். இறால் ஓட்டைக் கழற்றும். புது ஓடு மெத்தென்று இருக்கும், அந்த இறாலை ஒரு கம்பெனியும் எடுக்காது. மழை வலுத்தால் எடுக்க ஒன்றுமே இருக்காது, செத்து மிதக்கும். குத்தகை, தீவனம், உங்கள் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த இரண்டு குட்டைத் தண்ணீருக்குள்தான் இருந்தது. இது என்னைவிட மச்சானுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிச் சிரித்தார்.

அந்தச் சமயத்தில் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் பேசும் குழுவிலிருந்து டெல்லி அதிகாரி ஒருவர் வந்து இறால் வளர்ப்பவர்களின் கருத்தைக் கேட்கிறார் என்று பக்கத்துக் குட்டைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எனக்கு வரவில்லை. மச்சானைக் கேட்டேன்.

"அதெல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்க. நீ போயி இன்னா பண்ணப்போற? உனக்கும் சேத்து நான் போறேன்" என்றார்.

நான் போனேன். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்வரிசை முழுக்க கம்பெனிக்காரர்களும் ஏஜென்ட்டுகளும். அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இங்கிலீஷில் பேசினார், ஒருவர் தமிழில் சொன்னார். இறாலுக்கு வரியை ஒரேயடியாக எடுக்கச் சொல்லிக் கேட்பதா, இல்லை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் போதுமா, பேச்சு இன்னும் இழுத்துக்கொண்டு போனால் வளர்ப்பவர்களால் தாங்க முடியுமா. இதுதான் அவர் கேட்டது.

முன்வரிசையிலிருந்து மச்சான் எழுந்தார். மைக்கை வாங்கினார்.

"வணக்கம் சார். நான் ஒரு விவசாயி. கிள்ளையில எனக்கு ரெண்டு குட்டை இருக்கு. வளக்கிறவங்க சார்பா சொல்றேன். மெதுவா எடுத்தாலும் சரி, லேட் ஆனாலும் சரி, நாங்க பொறுத்துக்குவோம். எங்களுக்குக் கம்பெனி இருக்கு, பாத்துக்கும்."

முன்வரிசை கை தட்டியது. அதிகாரி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

பேச்சு இழுக்க இழுக்கக் கம்பெனி இன்னும் மலிவாக வாங்கி அடுக்கலாம். கிள்ளையில் இரண்டு குட்டை! மூட்டை மூட்டையாகத் தீவனம் சுமந்தவன் நான். கரண்ட் போனால் ஓடிப்போய் ஜெனரேட்டர் போட்டவள் உங்கள் அம்மா. அவர் அந்தக் கரைக்கு வந்ததெல்லாம் தராசு தூக்கிக்கொண்டு. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"சார், அந்தக் குட்டை ரெண்டும் என்னுது" என்றேன். மைக் இல்லை, கத்தித்தான் சொன்னேன். "இவரு எம் மச்சான். கம்பெனி ஏஜென்ட்டு. எங்குட்டைக்கு எடை போட வருவாரு, கறிக்கு எறா வாங்கிக்கினு போவாரு. அவ்ளோதான்."

மண்டபமே சிரித்தது. மச்சான் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

"உங்கள் கருத்து என்ன என்று சார் கேட்கிறார்" என்றார் தமிழில் சொல்பவர்.

"ஒப்பந்தம் வேணும் சார். சீக்கிரம் வேணும். வரிய ஒரேயடியா எடுக்கச் சொல்லுங்க. ஐஸ் ரூம்ல இருக்கிற எறா பொறுத்துக்கும். குட்டையில இருக்கறது பொறுக்காது. நாங்க பொறுத்துக்குவோம்னு இவரு எப்படிச் சொல்லலாம்?"

அதற்குள் கம்பெனி ஆள் ஒருவர், "குடும்பச் சண்டைய வீட்ல வெச்சிக்கங்க, டெல்லியிலேர்ந்து வந்தவுங்க முன்னாடி வேணாம்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். மறுபடி சிரிப்பு. நான் சொன்னதை அதிகாரி எழுதினாரா இல்லையா என்று கடைசி வரிசையிலிருந்து தெரியவில்லை.

வெளியே பைக்குகள் நிற்கும் இடத்தில் மச்சான் எனக்காகக் காத்திருந்தார்.

"சபையில வெச்சு என்னத் திருடனாக்கிட்டல்ல?"

"நீங்க எங்குட்டைய உங்குளுதுன்னு சொன்னீங்களே, அது இன்னா மச்சான்?"

"குடும்பத்துக் குட்டைடா! என் தங்கச்சி குட்டை எனக்குச் சொந்தமில்லையா? கறிக்கு வாங்கிக்கினு போறன்னு சொன்னியே, பிச்சையா போட்ட?"

"மழை வந்தா நஷ்டம் குடும்பத்துக்கா, எனக்கா?"

"உனக்குத்தான். இனிமே எந்த வண்டி உன் கரைக்கு வருதுன்னு நானும் பாக்குறேன்."

ஒரு வண்டியும் வரவில்லை. மற்ற ஏஜென்ட்டுகளுக்குப் போன் போட்டால், "உங்க மச்சான் வாங்கற எடத்துல நாங்க எப்டி வர்றது?" என்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் அம்மா முதலில் என் மேல்தான் பாய்ந்தாள்.

"அண்ணனப் போயி சபையில அசிங்கப்படுத்திட்டு வந்து நிக்கிறீங்க. அப்புறமா தனியா கேட்டா ஆவாதா? நேச நாடுங்கறாங்க, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கினவ நானு, நான் எந்த நாடு?"

பிறகு அவளே அண்ணனுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஸ்பீக்கரில் கேட்டது.

"உன் வூட்டுக்காரன கம்பெனி வாசல்ல வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு. அதுவரைக்கும் மழையில கெடக்கட்டும்."

அம்மா போனை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். கிழக்கே கறுத்துக்கொண்டிருந்தது. "வலைக்காரங்களுக்குச் சொல்லுங்க" என்றாள்.

விடிவதற்கு முன்னால் இரண்டு குட்டையிலும் வலை இழுத்தோம். ஐஸ் போட்டு பெட்டி பெட்டியாகக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்துக்குப் போனோம். பழக்க தோஷத்தில் அம்மா அன்றைக்கும் ஒரு பை கட்டிவிட்டாள். கட்டிய பிறகுதான் யாருக்கு என்று அவளுக்கே உறைத்தது. அப்படியே எடுத்து வண்டியில் வைத்தாள்.

துறைமுகத்தில் விசைப்படகுகள் வந்து கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டியை இறக்கித் திறந்தேன். கூடையில் கடல் இறால் வைத்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது வளத்த எறாதான?"

"ஆமா."

"மூடு. மூடி வண்டியில ஏத்து."

"ஏன்?"

"ஏனா? கடலுக்குப் போயிட்டு வர்றவனுக்கு டீசல் காசுக்கே வழியில்ல. நீ தீனி போட்டு வளத்துட்டு வந்து பொட்டி பொட்டியா கொட்டுனா எங்க எறாவ எவன் வாங்குவான்? ரேட்டு வுழுந்துடும்."

சுற்றிலும் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"தொறமுகம் கவர்மென்ட்டுது. யாரு வேணா விக்கலாம்."

"அப்ப கவர்மென்ட்டுக்கிட்டயே வித்துட்டுப் போ!"

ஒரு பெண் பெட்டியைக் காலால் தள்ளினாள். ஐஸ் சிதறியது. சிதம்பரத்தில் நெஞ்சை நிமிர்த்தி, கதவை ஒரேயடியாகத் திறக்கச் சொல்லிக் கேட்டவன் நான். கடலூரில் என் முகத்துக்கு நேரே ஒரு கதவைச் சாத்தினார்கள், சாத்தியவர்கள் சொன்ன காரணமும் நியாயமாகவே இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திரும்பிப் போக வழியில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, தூறலும் ஆரம்பித்துவிட்டது.

அம்மா என்னைக் கையால் விலக்கிவிட்டு அந்தக் கூடைக்கார அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க கூடை காலியாவற வரைக்கும் நாங்க பொட்டிய தொறக்கல."

"கடல் எறான்னு ஏமாத்தி விக்கக்கூடாது."

"வளத்ததுன்னு சொல்லித்தான் விப்போம்."

"இந்தப் பக்கம் வரக்கூடாது. ஐஸ் ஒடைக்கிற எடத்தாண்ட போயி நில்லு."

"சரி."

"இன்னைக்கு மட்டுந்தான். நாளைக்கு வந்தா பொட்டி தண்ணியில போவும்."

"சரிக்கா."

"உன் ஆளு வாயத் தொறக்கக்கூடாது."

"அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் அம்மா.

கையெழுத்து இல்லை, டெல்லியும் இல்லை. ஆனால் சொன்னபடியே நடந்தது. அவர்கள் கூடை காலியாகும் வரை நாங்கள் நனைந்துகொண்டு நின்றோம். இரண்டு தடவை காசு கொடுத்து ஐஸ் வாங்கிப் போட்டேன். வெயில் ஏறும் நேரமாகியும் வெயிலைக் காணோம். அதற்கப்புறம்தான் பெட்டியைத் திறந்தோம். ஓட்டல்காரர்கள் வந்தார்கள், சில்லறை வியாபாரிகள் வந்தார்கள். ஒருவரும் நல்ல விலை கேட்கவில்லை, மழையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார்கள். போட்ட காசு ஏறக்குறைய திரும்பியது. உழைப்பு தண்ணீரோடு போனது. ஆனால் இறால் குட்டையில் இல்லை. அன்றைக்குப் பிடித்த மழை நிற்காமல் பெய்தது. பக்கத்துக் குட்டைக்காரர் கம்பெனியை நம்பிக் காத்திருந்து, செத்ததை அள்ளிக் குழியில் கொட்டினார்.

கிளம்பும்போது அம்மா அந்தக் கறிப் பையை எடுத்துக்கொண்டு போய்க் கூடைக்கார அம்மாவிடம் நீட்டினாள்.

"வளத்ததெல்லாம் நாங்க துன்னமாட்டோம்" என்றார் அவர். "குடு, பூனைக்குப் போடறேன்." வாங்கி, தன் கூடையில் ஐஸுக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிவியில் இரண்டு நாட்டுக்காரர்களும் கை குலுக்கினார்கள். சின்னவள்கூட, "அப்பா, எறால் எறால்னு சொல்றாங்க" என்று கூப்பிட்டாள். இறாலுக்கு வரியை ஒரேயடியாக எடுத்துவிட்டதாகத்தான் செய்தியில் சொன்னார்கள். நான் கத்தியதாலா என்று கேட்காதீர்கள், அப்படியெல்லாம் நடக்காது. கரையில் விலை கொஞ்சம் ஏறியது. நான் நினைத்த அளவுக்கு இல்லை.

அடுத்த பிடிப்பை மச்சானின் கம்பெனிக்கே கொடுத்தேன். மற்றவர்கள் இன்னும் குறைவாகக் கேட்டார்கள், வேறு வழியில்லை. அவரும் கம்பெனி சொன்னதால் வந்தார். என்னைப் பார்க்காமல் கரையில் தராசை வைத்தார். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட், எண்ணிக்கை ஏறினால் இறால் சின்னது, விலை குறையும். அதைக்கூட நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நின்ற வலைக்காரரிடம், "நாப்பத்தஞ்சு கவுண்ட்டுன்னு சொல்லுப்பா" என்றார் அவர். "கண்ணத் தொறந்து எண்ணச் சொல்லுப்பா, நாப்பது" என்றேன் நான். "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல, என்ன ஏன்யா கொல்றீங்க?" என்றார் வலைக்காரர். எண்ணிப் பார்த்தோம், இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதற்கும் ஒரு சண்டை.

எடை முடிந்தது. வலை இழுத்தவர்களுக்கு அம்மா கறிக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாள். மச்சான் பைக் பக்கத்தில் சாவியைச் சுழற்றிக்கொண்டே நின்றார். போகவும் இல்லை, கேட்கவும் இல்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்து, "அண்ணனுக்குப் பை கட்டலியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டே, அந்தக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அவருக்குத்தான் கிள்ளையில ரெண்டு குட்டை இருக்குதே. வேணும்னா அதுல புடிச்சிக்கட்டும்."