அண்ணரின் கட்டிலோரச் சுவர்

யாழ்ப்பாணத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்த அண்ணர் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரது ஈகை பற்றி இந்த நினைவு மலரில் பலரும் எழுதியுள்ளார்கள். அவர்கள் வந்துபோனவர்கள். நான் அந்த வீட்டில் இருந்தவன்.

படிக்க லண்டன் வந்த அண்ணர் கணக்காளராகி, வால்தம்ஸ்டோவில் பழைய செங்கல் வீடொன்றை வாங்கினார். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்த எனக்கு அங்கே ஓர் அறை தந்தார். கொழும்பு லொட்ஜொன்றில் காத்திருந்த என் மனைவிக்கு விசா கிடைக்க, எங்கள் இருவருக்கும் தம் வீட்டில் இடமுண்டு என அண்ணர் கடிதம் எழுதித் தரவேண்டியிருந்தது. ஒரு பக்கக் கடிதம்.

அந்த வீட்டுச் சுவர்களில் செங்கற்களுக்கு இடையிலிருந்த சாந்து தொட்டாலே உதிர்ந்தது. "முதல்லை சுவரை முடி. பிறகு கடிதத்தைப் பாப்பம்" என்றார். அடியாத மாடு படியாது என்பது அவர் கொள்கை.

நான் வேலைசெய்த பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடிந்ததும் ஏணியில் ஏறி, பழைய சாந்தை உளியால் சுரண்டினேன். பக்கத்து வீட்டில் இருந்த, கட்டட வேலை செய்யும் வெள்ளைக்கார மேசனார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்தக் கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் சரி, சீமெந்து வைத்தால் ஈரம் உள்ளே தங்கி உறைந்து கல்லையே உடைக்கும் என்றார். அண்ணரிடம் சொன்னேன்.

"சீமெந்து இருக்க ஆரடா சுண்ணாம்பு வைப்பான்? ஊரிலை எங்கடை வீடு நிக்கேல்லையோ?"

"அது வேறை கல்லு, அண்ணை."

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

சீமெந்தே வைத்தேன். இரண்டாம் குளிர்காலத்தில் செங்கற்களின் முகம் அப்பளமாய்க் கழன்றது, உள்ளே பூஞ்சணம். வந்திருந்த விருந்தாளிகளிடம் அண்ணர், "ஒரு சுவர் அடைக்க ஏலாது, இவருக்குப் பெண்சாதி கேக்குது" என்று சிரித்தார். எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். அதுவும் முடிந்து, வருடங்கள் கழித்துக் கடிதம் கைக்கு வந்து, மனைவி வந்திறங்கியபோது அவளுக்கு நாற்பது வயது. எங்களுக்கு ஏன் பிள்ளை இல்லை என்று கேட்பவர்கள் இதை வாசித்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் முறை அண்ணரைக் கேளாமலே சுண்ணாம்புச் சாந்து குழைத்தேன். முன்சுவரும் பக்கச்சுவரும் இன்றுவரை நன்றாக நிற்கின்றன. அண்ணரின் கட்டில் ஒட்டியிருந்த பின்சுவருக்கு மட்டும் அவர் விரும்பிய சீமெந்தையே வைத்தேன். பின்பக்கம் அவர் போவதில்லை. உள்ளே ஈரம் தெரிந்தபோதெல்லாம் தடித்த சுவர்த்தாள் ஒட்டிவிட்டேன்.

தொண்ணூறுகள் முழுவதும் அண்ணர் அந்தச் சுவரோடுதான் படுத்தார். ஒவ்வொரு குளிருக்கும் இருமல் நெஞ்சில் இறங்கியது. கடைசியாக ஆசுப்பத்திரியில் டொக்டர், வீட்டில் ஈரமுண்டா என்று கேட்டார். அண்ணர் அவருக்கு இல்லையென்று தலையாட்டிவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"நீ அடைச்ச வீடு. ஈரம் எங்காலை வரும்?"

பதினைந்து வருடங்களில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்தோருக்கும், முப்பத்தொன்றாம் நாள்வரை சமைத்துத் தந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சீமெந்து என்ன செய்யும் என்று எனக்கு முதலிலேயே சொல்லித்தந்த பக்கத்து வீட்டு மேசனாருக்கு என் தனிப்பட்ட நன்றி.