வீட்டு வண்டிக்கு ஒரு டியூட்டி சார்ட்

பஸ் டிப்போவில் என் அக்காவுக்குப் பெயர் ‘எட்டு மணி’. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று டியூட்டி சார்ட் எழுதுவதுதான் அவள் வேலை. முந்தின டியூட்டி முடிந்து எட்டு மணி நேரம் ஆகாத டிரைவர் காலில் விழுந்தாலும் வண்டி கிடைக்காது. காலையில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிற ஆளுக்கு வணக்கம் சொல்ல மாட்டாள். "எட்டு மணி நேரம் ஆச்சா?" என்றுதான் கேட்பாள். ஒரு தடவை ஆள் பற்றாக்குறை என்று மேனேஜரே வந்து கெஞ்சியிருக்கிறார். "அப்ப நீங்களே ஓட்டுங்க சார், உங்க பேரை எழுதிக்கிறேன்" என்று பென்சிலை எடுத்திருக்கிறாள். மனுஷன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

இருபத்தெட்டு வருடமாக அதே ஜன்னல், அதே ஸ்டீல் ஸ்கேல், அதே தேய்ந்து தேய்ந்து சின்னதாகிப்போன ரப்பர். ஊரில் பாதிப் பேர் பத்திரமாக வீடு போய்ச் சேர்வது தன்னால்தான் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு உண்டு. அது தப்பில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனுஷர். பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை, வெளியே நின்று வேலை செய்துகொண்டே பேசிப் பேசிச் சிரிக்க வைப்பார். "ரிட்டயர் ஆனதும் கடலோரமா ஒரே ரோட்டைப் பிடிச்சுப் போய்ட்டே இருக்கணும், மேலயும் கீழயும் போய்ப் போய் அலுத்துப்போச்சு" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சில் முப்பது நாற்பது வார்த்தைகள் மிஞ்சின, அவையும் தேடித் தேடித்தான் வரும்.

அன்றிலிருந்து அக்காவுக்கு இரண்டு வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை டிப்போ. அந்த நேரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி வருவார். மிச்ச நேரமெல்லாம் அக்காதான். குளிப்பாட்ட, ஊட்ட, மாத்திரை கொடுக்க, கைகால்களை நீட்டி மடக்க, ராத்திரி புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க. அவள் நடக்கும்போது செருப்புத் தரையில் தேயும் சத்தம் கேட்கும். முன்னெல்லாம் அப்படி நடக்க மாட்டாள்.

போன மாதம் அவள் மகன் போன் செய்தான். வேறு ஊரில் இருக்கிறான், நல்ல பிள்ளைதான், பாசத்துக்குக் குறைச்சல் இல்லை. மூளைதான் அவ்வப்போது லீவு போட்டுவிடும். பெரிய மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறானாம். அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. பத்து நாள் கடலோரமாகவே பயணம். அப்பாவின் ஆசையும் நிறைவேறும், அம்மாவுக்கும் ரெஸ்ட் கிடைக்கும் என்றான்.

"பிளான் மட்டும் நீ போட்டுடும்மா. உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றும் சொன்னான். ரெஸ்ட்டாம். எனக்கு நல்லா வந்தது வாயில்.

வண்டியின் படங்களை அனுப்பியிருந்தான். ஒன்பது மீட்டர் நீளம். உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, மடக்கினால் படுக்கையாகிற மேஜை, பின்பக்கம் அகலமாக ஒரு கட்டில். வீடு என்பதா வண்டி என்பதா என்று தெரியாமல் நாங்கள் ‘வீட்டு வண்டி’ என்றே சொல்ல ஆரம்பித்தோம். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கட்டிலைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அக்கா மட்டும் உயரம் எவ்வளவு என்று கேட்டாள்.

மூன்று மீட்டர் முப்பது. மறுநாளே டிப்போவில் விசாரணை தொடங்கிவிட்டது. கடலோரத் தடத்தில் பன்னிரண்டு வருடம் ஓட்டிய டிரைவர் ஒருவர் இருக்கிறார். எதிரே லாரி மறித்துக்கொண்டதால் இரண்டு கிலோமீட்டர் தூரம் பின்னோக்கியே பஸ்ஸை ஓட்டி வந்தவர், அதனால் அவருக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். அவரைப் பிடித்தாள்.

"மூணாவது ரயில் பாலத்துக்கு அடியில மட்டும் போகாதீங்க அக்கா. வண்டி போயிரும். மேல இருக்கிற ஏசி பெட்டி மட்டும் அங்கேயே தங்கிரும்" என்றாராம் ரிவர்ஸ்.

"அப்ப எந்த வழி?"

"உப்பளம் பக்கமா சுத்திப் போங்க, பதினாலு கிலோமீட்டர் கூட. ஆனா மத்தியானம் காத்து பக்கவாட்டுல அடிக்கும். உசரமான வண்டி, தள்ளும். ஓட்டுறது யாரு?"

"என் பையன்."

ரிவர்ஸ் தலையைச் சொறிந்தாராம். "காலையிலயே தாண்டிரச் சொல்லுங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

இப்படி ஒரு மாதம். நல்ல தண்ணீர் எங்கே நிரப்புவது, கழிவுத் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒரு முறை எங்கே திறந்துவிடுவது, ராத்திரி எங்கே நிறுத்த அனுமதி உண்டு, எந்த ஊரில் பிசியோதெரபி செய்ய ஆள் கிடைக்கும், எல்லாம் டிப்போ முடிந்து வந்து, அத்தானுக்கு ஊட்டிவிட்டு, உட்கார்ந்து போன் போட்டுப் போட்டு எழுதினாள். வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரனிடம் கதவின் அகலத்தையும் கேட்டாள். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அத்தானின் சக்கர நாற்காலி அறுபத்து மூன்று. அதற்கு மேல் மூன்று படி வேறு.

"அதுக்கென்னம்மா, தூக்கிட்டாப் போச்சு" என்றான் மகன்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. ஆறு தடவை என்று அக்கா சார்ட்டில் குறித்துக்கொண்டாள்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வாரம் முழுக்க யார் மூக்கிலாவது பிரேமை மாட்டிக் காதோரம் வளைத்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவேன். டீ குடிப்பேன், அக்காவுக்காக எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டுவேன், சாயங்காலம் திரும்பி வருவேன். மூன்று வருடமாக இதுதான் வழக்கம்.

போன ஞாயிறும் அப்படித்தான் போனேன். சாப்பாட்டு மேஜை மேல் நாலு தாள்களை ஒட்டிப் பெரிய சார்ட் விரித்திருந்தாள். மேலே பத்து நாட்கள், பக்கவாட்டில் ஆளுக்கு ஒரு வரிசை, உள்ளே மணிக்கணக்கு. வண்டி ஓட்டும் நேரத்துக்கு நீலம், ஓய்வுக்குப் பச்சை. மகன் ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அதற்கு மேல் மருமகள் இரண்டு மணி நேரம். இருவருக்கும் ராத்திரி எட்டு மணி நேரத் தூக்கம், பச்சைப் பட்டையாக, ஸ்கேல் வைத்துப் போட்டது. பிள்ளைகளுக்குக்கூட மத்தியானம் ஒரு பச்சை இருந்தது. அத்தான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் வரிசையைப் பார்த்தேன். விடிகாலை நாலே முக்காலுக்கு ஆரம்பிக்கிறது. அத்தானுக்கு உடம்பு துடைப்பது, மாத்திரை, இறக்குவது, ஏற்றுவது, சமையல், தண்ணீர்த் தொட்டி, மாத்திரை, கழிவுத் தொட்டி, கைகால் பயிற்சி. ராத்திரி பதினொன்று, இரண்டு, நாலே கால் என்று திருப்பிப் படுக்க வைக்கும் நேரங்கள். பொடிப் பொடியாகப் பென்சில் எழுத்து. பச்சை ஒரு இடத்திலும் இல்லை. விரலை வைத்து எண்ணினேன், இடைவெளிகளில் பெரியது மூன்று மணி நேரம்.

"எட்டு மணி எங்கக்கா?" என்றேன்.

"எது?"

"உன் வரிசையில."

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "நான் வண்டி ஓட்டலையேடி" என்றாள்.

அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் தடுக்கத் தடுக்கப் போனை எடுத்து வீடியோவில் மகனைக் கூப்பிட்டு, தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்து வைத்தேன்.

"உங்கம்மாவுக்கு ரெஸ்ட்டுன்னு சொன்னியாமே, இந்தச் சார்ட்டுல எங்க இருக்குன்னு காட்டு, பார்க்கலாம்" என்றேன்.

"சித்தி, அங்க நாங்க எல்லாரும் இருப்போம்ல. பார்த்துக்க மாட்டோமா?"

"என்னத்தைப் பார்த்துப்பே? ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கப்பாவை எந்தப் பக்கமாத் திருப்பணும், சொல்லு."

அவன் முழித்தான். "வலது பக்கமா?" என்றான். பிறகு, "அம்மா?" என்றான்.

"இடது" என்றாள் அக்கா.

"அப்ப ஒரு ஆளைக் கூடவே கூட்டிட்டுப் போயிரலாம்."

"படுக்கை ஆறுதான்பா இருக்கு" என்றாள் அக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி அவனை இந்த மிரட்டு மிரட்டுறே? ஆசையாச் செய்யறான், விடு."

"உனக்கு ஆசை இருக்கா? அதைச் சொல்லு முதல்ல."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்குக் கடலும் வேண்டாம், கரையும் வேண்டாம்" என்றாள். "தூங்கணும். யாரும் எழுப்பாம ஒரே ஒரு ராத்திரி தூங்கணும். அது போதும்."

மூன்று வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. சொன்ன உடனேயே ஜன்னல் பக்கம் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டோமே என்று அவள் கூசியது எனக்குத் தெரிந்தது.

அத்தான் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். வார்த்தையைத் தேடும்போது அப்படித்தான் தட்டுவார். நாங்கள் காத்திருந்தோம்.

"நீ... போ" என்றார்.

"எங்கே?" என்றாள் அக்கா.

போனைக் காட்டினார். "வண்டி. நீ போ. நான்... வரலை."

"நீங்க வராம எப்படிங்க? உங்களுக்காகத்தானே இவ்வளவும்."

அவர் தலையை ஆட்டினார். இடது கை மெல்ல உயர்ந்து என்னைக் காட்டியது. "சின்னவ... இருப்பா."

வீடே என்னைப் பார்த்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கடையில் கூட்டம் நெரியும், முதலாளி பத்து நாள் லீவு தருவாரா? என் முழங்கால் வலி வேறு. அவரைத் தூக்க என்னால் முடியுமா? ராத்திரி விழிப்பது எனக்கு ஆகாதே. இத்தனையும் ஒரே நொடியில் என் மண்டைக்குள் வந்தன. அதுவரை ஊரையே கிழித்துத் தோரணம் கட்டிய என் வாய் அப்படியே மூடிக்கொண்டது. அக்கா அதைப் பார்த்தாள். கோபப்படவில்லை. எத்தனை டிரைவர்கள் இந்த மாதிரி முழித்து நின்றதை அவள் பார்த்திருப்பாள்.

"அவளுக்குக் கடை இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை மறுபடி எடுத்தாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இருக்கேன்" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை. மறுபடியும், "நான் இருக்கேன் அத்தான்" என்றேன். "ஆனா இது உங்க ஆசையாச்சே, எத்தனை வருஷத்து ஆசை!"

"பரவால்ல" என்றார். அந்த ஒரு வார்த்தை சுத்தமாக வந்தது.

ஆகாது, நடக்காது என்று அரை மணி நேரம் வாதாடினாள் அக்கா. மகன் அந்தப் பக்கமிருந்து, "வாம்மா, பின்னால இருக்கிற கட்டில் உனக்குத்தான், நீ படுத்துக்கிட்டே வா" என்று கெஞ்சினான். கடைசியில் அலுத்துப்போய் ரப்பரை எடுத்தாள். அத்தானின் வரிசையை முதலில் அழித்தாள். பிறகு தன் வரிசைக்கு வந்தாள். துடைப்பது போனது, மாத்திரை போனது, ஏற்றுவது இறக்குவது போனது. நான் விடாமல் தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, சமையல் எல்லாவற்றையும் மகன் பெயருக்கு மாற்ற வைத்தேன். பத்து நாளும் வெள்ளையாகிவிட்டது. ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு அவள் அதையே பார்த்தாள்.

"எழுத ஒண்ணுமே இல்லையேடி" என்றாள். கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் புரிந்திருக்காது.

"தூங்குறேன்னு எழுது."

"பத்து நாளுமா?"

"பத்து நாளும்."

எழுதவில்லை. "முதல்ல உனக்கு ஒரு சார்ட் போடணும், நீ எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணி வெப்பே" என்று புதுத் தாளை இழுத்தாள். மேலே ‘சின்னவள்’ என்று எழுதினாள். கீழே காலை நாலே முக்கால் என்று எழுதினாள். அடுத்த வரிக்குப் பென்சில் போகவில்லை. கன்னத்தைக் கையில் தாங்கினாள், கை மடங்கியது, தலை மேஜையில் சாய்ந்தது. மகன் போனில் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதை அணைத்து வைத்தேன். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.

நாலு மணிக்கு அத்தானுக்கு மாத்திரை. அது சார்ட்டில் பார்த்ததால் தெரியும். எந்த மாத்திரை என்றுதான் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டு அறை, பன்னிரண்டு நிறம். மூன்று வருடமாக இந்த வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறேன், இது எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் அக்காவின் தோளைத் தொடக் கையை நீட்டினேன்.

அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுப்பாதே" என்றார்.

பெட்டியைத் தன் மடியில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இடது கை விரலால் தேடி, வெள்ளையில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். மஞ்சளில் ஒன்றைத் தொட்டு, பாதி என்று நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவரைக் கேட்கலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் இத்தனை நாளாகத் தோன்றவில்லை. டம்ளர் எங்கே இருக்கிறது என்று குரலைத் தாழ்த்தி அவரிடமே கேட்டேன்.